காணி பொதுவில், வீடு அவரவருக்கு: கூட்டுறவுக் கிராமம் ஒன்றை நிறுவுவது எப்படி?

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் கூடும் இடங்களில் எல்லாம் நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுத்திட்டம் வருமாம், கிணறும் வெட்டித் தருவினமாம். ஆனால் காணி ஆற்றை பேரில, ஃபாதர்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் படிக்காதவர்களாக இருக்கலாம். ஆனால் திட்டம் வரைபவர்கள் பலருக்குப் பின்னர்தான் புரிகின்ற விடயம் இவர்களுக்கு முதலிலேயே புரிந்திருக்கின்றது.

2009 ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்ற பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் உண்டு. சொந்தக் காணி எங்கே இருக்கின்றது என்று தெரிந்தும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்கள் தமது கோரிக்கையைக் கைவிட்டு வேறிடம் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்கோரிக்கை நீதியானது, அது நிற்கட்டும். இக்கட்டுரை திரும்பிப் போவதற்குக் காணியே இல்லாதவர்களை மனதில் வைத்து எழுதப்படுகின்றது. குத்தகைக்குச் செய்தவர்கள், கூலிக்கு வெங்காயம் நட்டவர்கள், மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் வடக்கு நோக்கி வந்து வன்னியில் காடு வெட்டியவர்கள், முகாமில் பிறந்து திருமணம் முடித்துத் தனிக் குடும்பமாகிவிட்ட பிள்ளைகள் ஆகியோரே அவர்கள். இத்தகைய இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்து, காணியைக் கூட்டாக வைத்துக்கொண்டு, நீரையும் மண்ணையும் வற்றவிடாமல் ஒரு புதிய கிராமத்தை அமைக்க முடியுமா? முடியும் என்பதே எமது எண்ணம். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்குமுறை இருக்கின்றது.

இத்தகைய கிராமங்களை உலகில் இப்போது சூழல்நேயக் கிராமங்கள் என்று அழைக்கின்றார்கள். எமது நாட்டிலும் 2004 ஆம் ஆண்டு கடற்கோளின் பின்னர், களுத்துறை மாவட்டத்தில் லாகொஸ்வத்தை என்னுமிடத்தில் சர்வோதயம் 55 வீடுகள் கொண்ட இத்தகைய கிராமம் ஒன்றை அமைத்தது. இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் சூரிய ஒளி மின்சாரம், கூட்டெரு, மழைநீர்த் தாங்கி ஆகியவற்றின் படங்களைப் போடுவார்கள். அவை நல்லவைதான். எனினும் காணி யாருடையது, எப்படி வைத்திருப்பது என்பது தீராத இடத்தில் தாங்கியும் கூட்டெருவும் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே நாம் காணியிலிருந்து தொடங்குகின்றோம். அதற்கு வெகுதூரத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கின்றோம். தூரமானாலும் அதன் வேர் எமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றது.

ஜோர்ஜியாவில் வெளியேற்றப்பட்டவர்கள்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜோர்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்களில் பலர் வெள்ளையரின் காணியில் வாரத்துக்குப் பயிர் செய்து வந்தவர்கள். 1960களில் அவர்கள் வாக்காளராகப் பதியத் தொடங்கினார்கள். அப்படிப் பதிந்தமைக்காகவே பல குடும்பங்கள் காணியை விட்டும் குடிசையை விட்டும் வெளியேற்றப்பட்டன. வாக்குரிமை சட்டத்தில் கிடைத்தது. ஆனால் நிற்பதற்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாதவனுக்கு அந்த உரிமையைப் பயன்படுத்தும் துணிவு எங்கிருந்து வரும்? அல்பனி நகரைச் சேர்ந்த ஸ்லேற்றர் கிங், சாள்ஸ் ஷெரோட், ஷேர்லி ஷெரோட் ஆகியோரும், றொபேட் சுவான் என்ற வெள்ளையரும் இக்கேள்வியைத்தான் கையில் எடுத்தார்கள்.

சுவான் எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றை அறிந்தவர். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், காணியற்ற அரிசன மக்கள் வினோபா பாவேயிடம் நிலம் கேட்டபோது, கூட்டத்தில் இருந்த இராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கரைக் கொடுத்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. ஆனால் தனியொருவருக்குத் தானமாகக் கொடுத்த காணி கடனுக்காகவும் சீதனத்துக்காகவும் மீண்டும் கைமாறிவிடும் என்பது விரைவில் தெரிய வந்தது. எனவே இயக்கம் கிராமதானத்துக்குத் திரும்பியது. இதன்படி காணியின் உரிமை கிராம சபைக்குச் செல்லும். உழுபவர் தமது துண்டைத் தொடர்ந்து உழுவார், அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் உழுவார்கள், ஆனால் வெளியாருக்கு விற்க முடியாது. தமிழ்நாட்டிலும் பல கிராமங்கள் கிராமதானமாகின. அவற்றில் பல பெயரளவில் நின்றுவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்குவது இலகு, பின்னர் பதிவேட்டைக் கொண்டு நடத்துவது கடினம்.

1968 இல் ஜோர்ஜியாக் குழுவினர் இஸ்ரவேல் நாட்டுக்குச் சென்று, பொதுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கூட்டுறவுக் கிராமங்களைப் பார்வையிட்டார்கள். தென்பகுதிக் கூட்டுறவு இயக்கத்தில் முன்நின்ற கறுப்பினக் கத்தோலிக்கக் குருவான மக்னைற் அடிகளாரும் அக்குழுவில் இருந்தார். (அந்த நாட்டுக் காணியில் ஒரு பகுதி 1948 இல் இடம்பெயர்ந்த பலஸ்தீனருடையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லாமல் விட முடியாது. குத்தகை முறையைக் கற்கலாம், காணி பெறப்பட்ட முறையைக் கற்க வேண்டியதில்லை.) திரும்பி வந்து 1969 இல் 'நியூ கொமியூனிற்றீஸ்', அதாவது புதிய சமூகங்கள், என்ற பெயரில் ஒரு சங்கத்தைப் பதிந்தார்கள். அல்பனிக்கு அண்மையில் ஏறத்தாழ 5,700 ஏக்கர் காணியை வாங்கினார்கள். அக்காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கையில் இருந்த மிகப் பெரிய காணி அதுவே. காணி சங்கத்துக்கு உரியது, குடும்பங்களுக்கு நீண்டகாலக் குத்தகை, வீடு குடும்பத்துக்கே சொந்தம் என்பதே ஏற்பாடு. சோளம், கச்சான், சோயா, வத்தகப்பழம் ஆகியவற்றைப் பயிரிட்டார்கள், பன்றி வளர்த்தார்கள், பெருந்தெருவோரம் சந்தை போட்டுத் தாமே விற்றார்கள்.

கடன் காணியைத் தின்ற விதம்

இனி நடந்ததுதான் எமக்கு முக்கியம். காணியின் விலை பத்து இலட்சம் டொலருக்கு மேல். அதில் பெரும்பகுதி கடன். கிராமத்தைத் திட்டமிடுவதற்கு மத்திய அரசிடமிருந்து ஏறத்தாழ ஒரு இலட்சம் டொலர் கிடைத்தது. ஆனால் திட்டத்தை நிறைவேற்றுவதற்கென எதிர்பார்த்திருந்த பெருந்தொகை மாநில ஆளுநரின் எதிர்ப்பினால் வராமற் போயிற்று. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு கட்டும் திட்டம் தாளிலேயே நின்றது. ஒவ்வோர் ஆண்டும் விளைச்சலில் வந்த காசு கடன் தவணைக்கே போயிற்று. போதாதபோது காணியில் ஒரு பகுதியை விற்று மற்றப் பகுதியைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

1970களின் பிற்பகுதியில் கடும் வரட்சி வந்தது. அரசாங்கத்தின் கமக்காரர் கடன் பகுதியில் அவசரக் கடன் கேட்டார்கள். அயலில் இருந்த வெள்ளைக் கமக்காரருக்குக் கிடைத்த கடன் இவர்களுக்கு மூன்று ஆண்டுகள் இழுபட்டது. 1985 இல் கடனுக்காகக் காணி முழுவதும் பறிபோயிற்று. கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

கதை அங்கே முடியவில்லை. கறுப்பினக் கமக்காரருக்குக் கடன் வழங்குவதில் பாகுபாடு காட்டப்பட்டதென அரச விவசாயத் திணைக்களத்துக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட பெரிய வழக்கில் 1999 இல் இணக்கம் ஏற்பட்டது. அதன் கீழ் இச்சங்கமும் கோரிக்கை வைத்தது. முதலில் நிராகரித்தார்கள், சங்கம் மேன்முறையீடு செய்தது. 2009 இல் ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் டொலர் நட்டஈடு தீர்ப்பாயிற்று. அப்பணத்தைக் கொண்டு 2011 இல் அல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர் தோட்டம் ஒன்றை வாங்கினார்கள். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய முதலாளி ஒருவரின் தோட்டம் அது.

காணி பறிபோய் 24 ஆண்டுகளின் பின் நட்டஈடு பெறக்கூடியதாக இருந்தது எதனால்? சங்கம் சட்டப்படி பதியப்பட்டிருந்தது. காணி போன பின்னரும் அதனை அவர்கள் கலைத்துவிடவில்லை. இழந்தது யார் என்று கேட்டபோது, "நாங்கள்தான்" என்று சொல்வதற்குப் பெயரும் பதிவும் கொண்ட ஒரு சபை இருந்தது. இதனையும் எமது நாட்டுக் காந்தீயத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் வைத்தியர் இராஜசுந்தரமும் 1970களில் தொடங்கிய காந்தீயம், 1977 கலவரத்தில் இடம்பெயர்ந்த மலையக மக்களை வவுனியாவிலும் அதனை அண்டிய எல்லைப் பகுதிகளிலும் குடியேற்றியது. பண்ணைகளும் பாலர் பாடசாலைகளும் அமைந்தன. மிகச் சிறந்த பணி அது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள், யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தலைமை போனதும் பணியும் சிதறியது. குடியேறிய மக்களில் பலரிடம் காணிக்கு எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. வன்னியில் இன்றும் பத்திரமில்லாமல் இருக்கின்ற மலையக வம்சாவளிக் குடும்பங்களைச் சந்திக்கின்றவர்களுக்கு இதன் விலை தெரியும்.

காணி யார் பெயரில்?

அப்படியாயின் எம் கிராமத்தின் காணியை யார் பெயரில் எழுதுவது? முதலில் யார் பெயரில் எழுதக்கூடாது என்பதைச் சொல்லிவிடுவோம். திருச்சபையின் பெயரிலோ தொண்டு நிறுவனத்தின் பெயரிலோ எழுதக்கூடாது. பங்குத்தந்தை மாற்றலாகிப் போவார், திட்டம் முடிந்ததும் நிறுவனம் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். நம்பிக்கையான பெரியவர் ஒருவரின் பெயரிலும் எழுதக்கூடாது. பெரியவருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து காணியை அளப்பார். காணி குடியிருப்பவர்களின் சொந்தச் சங்கத்துக்கே உரியதாக இருத்தல் வேண்டும்.

இலங்கையில் நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அரச காணி. ஆகவே எம் மக்களுக்குக் காணி கிடைக்கும் வழி பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமே, அதாவது எல்லோரும் சொல்லுகின்ற பெர்மிட். அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்கவும். காணியில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரை நியமிக்கலாம். ஆனால் அனுமதியின்றி விற்கவோ துண்டாடவோ முடியாது. உழைப்பின் பயன் குடும்பத்துக்கு, காணியோ சந்தைக்கு வெளியே. கிராமதானமும் ஜோர்ஜியாச் சங்கமும் இதனைத்தான் செய்தன, அங்கே அரசாங்கத்தின் இடத்தில் கிராமத்தவரின் சபை இருந்தது என்பதே வேறுபாடு. எனவே காணியைப் பொதுவில் வைத்திருப்பது எமக்குப் புதிய விடயமன்று.

2024 இல் 'உறுமய' என்ற பெயரில் பெர்மிட் காணிகளுக்கு முழு உரிமை உறுதி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. உறுதி கையில் வருவது கௌரவம், அதனை வேண்டாம் என்று சொல்ல எமக்கு மனம் வராது. ஆனால் விற்கக்கூடிய உறுதி, கஷ்டம் வரும் ஆண்டில் விற்கப்படுகின்ற உறுதியாகிவிடும். நகை அடகு, பின்னர் உழவு இயந்திரம், பின்னர் காணி என்ற வரிசை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவுக் கிராமத்தில் அந்த மூன்றாவது படி இல்லை என்பதுதான் அதன் முழுப் பயன்.

நடைமுறையில் இரு வழிகள் இருக்கின்றன. தனியாரிடம் காணி வாங்கவோ நன்கொடையாகப் பெறவோ கூடியதாயின், கூட்டுறவுச் சங்கத்தைப் பதிந்து, உறுதியைச் சங்கத்தின் பெயரில் முடித்து, குடும்பங்களுக்கு எழுத்திலான நீண்டகாலக் குத்தகை கொடுப்பது ஒரு வழி. அரச காணியாயின், குடியிருப்புத் துண்டுகள் குடும்பங்களுக்குப் பெர்மிட்டாக வரட்டும். மேய்ச்சல் தரை, நாற்றுமேடை, களஞ்சியம், பொதுக்கிணறு ஆகியவை இருக்கும் பகுதியைச் சங்கம் நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்கட்டும். இது இரண்டாவது வழி. எந்த வழியானாலும் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது தனித்தனியாகப் போகாமல் பதியப்பட்ட சங்கமாகப் போக வேண்டும். கூட்டுறவு எமக்குப் பழக்கமானதே. 1911 இலேயே இங்கு கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் மூளாய் மக்கள் கூட்டுறவாக ஓர் ஆஸ்பத்திரியையே நடத்திக் காட்டினார்கள். பனையேறும் தொழிலாளர் சங்கம் வைத்துத் தம் சீவலை விற்றார்கள்.

குத்தகைப் பத்திரத்தில் இரண்டு விடயங்கள் கட்டாயம் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஒன்று, கணவன் மனைவி இருவரின் பெயரும். காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் ஆண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்றிருந்த நிலை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே நீங்கியது. யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள், "காணி அவற்றை பேரில, அவரோ காணாமற் போயிட்டார்" என்று அலுவலகங்களில் நிற்பதைக் கண்ட பின்னரும் ஒரே பெயரில் பத்திரம் எழுதுவது அநீதி.

மற்றது, விலகிப் போகின்றவருக்கு என்ன கிடைக்கும் என்பது. இதிலேதான் சங்கங்கள் உடைகின்றன. ஒரு குடும்பம் வீட்டுத்திட்டப் பணத்தோடு தன் கைக்காசு 8 இலட்சம் ரூபா போட்டு வீடு கட்டியது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளின் பின் மகளோடு மன்னாருக்குப் போக விரும்புகின்றது. காணிக்கு அவர்கள் பணம் கொடுக்கவில்லை, ஆகவே காணிக்கு விலை இல்லை. வீட்டை மதிப்பிட்டு, அதில் அவர்கள் போட்ட பங்குக்குரிய தொகையைச் சங்கமோ புதிதாக வரும் குடும்பமோ கொடுக்கும். நட்ட தென்னைக்கும் மாவுக்கும் இதே முறை. அந்த மதிப்பீட்டை யார் செய்வது, எத்தனை மாதத்துக்குள் பணம் கொடுப்பது என்பதை எல்லோரும் நண்பர்களாக இருக்கும் முதல் மாதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். காணி வாங்கக் கடன் படவேண்டாம். 5,700 ஏக்கரைக் கடனில் வாங்குவதிலும் 30 ஏக்கரைக் கடனின்றிப் பெறுவது மேல். அப்படிக் கிடைக்காவிட்டால் சிறிதாகத் தொடங்கிக் காத்திருக்கலாம். விதைக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் சங்கத்துக்குள் கடன் கொடுத்து வாங்கலாம், காணியை மட்டும் எந்தக் கடனுக்கும் ஈடாக வைக்கக்கூடாது. சங்கத்தின் விதியில் இதனை எழுதிவிட்டால், நெருக்கடி ஆண்டில் செயற்குழு விரும்பினாலும் முடியாது.

கிணறும் கூட்டமும்

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது முதலில் அளவைப் பார்ப்போம். 500 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1,180 லீற்றர் நீர் விழும். சிந்துவதும் முதல் மழையில் கழுவிவிடுவதும் போகத் தொள்ளாயிரமாவது மிஞ்சும். மாரி மழையில் ஆறேழு அங்குலம் பெய்து முடிவதற்குள் 5,000 லீற்றர்த் தாங்கி நிரம்பிவிடும். ஐந்து பேர் கொண்ட வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 35 லீற்றர் என்றால், அது 140 நாட்களுக்குப் போதும். குளிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான். தாங்கியை இருட்டாகவும் மூடியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று சொல்வார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலத்தில் அதுவும் போதாது. கல்லின் வெடிப்புகள் வழியே அழுக்கு நெடுந்தூரம் ஓடும். எனவே வீட்டுக்கொரு குழி, வீட்டுக்கொரு கிணறு என்ற பழக்கத்தை விட்டு, வீடுகளை நெருக்கமாகவும் கிணறுகளை மேட்டுப் பக்கமாகவும் குழிகளைத் தாழ்ந்த பக்கமாகவும் அமைப்பது நல்லது. வீடுகள் நெருங்கினால் மின்கம்பியும் குழாயும் குறையும், தோட்டநிலம் துண்டுபடாமல் ஒரே தரையாகக் கிடைக்கும்.

ஆனால் பொதுக்கிணறு என்று எழுதுவது இலகு. எமது சமூகத்தில் கிணறு வெறும் கிணறல்ல. யார் அள்ளலாம், யார் கட்டில் ஏறலாம், யாருக்கு வேறொருவர் வார்க்க வேண்டும் என்ற கணக்கு முகாமிலும் முற்றாக மறையவில்லை என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஷெல் விழும்போது ஒரே பங்கருக்குள் இருந்தவர்கள், ஓய்ந்த பின்னர் தனித்தனி வாளி தேடினார்கள். கூட்டுறவுக் கிராமத்துக்குப் பெயர் கொடுக்க வருபவரிடம் நாம் வேறு எதையும் கேட்பதற்கு முன் இதனைக் கேட்க வேண்டும்: இந்தக் கிணற்றில் எல்லோரும் அள்ளும்போது நீங்களும் அள்ளுவீர்களா? தயங்குகின்றவரைச் சேர்க்க வேண்டாம். பின்னர் திருந்துவார் என்று சேர்த்தால், அவர் தனக்கென்று ஒரு கிணறு வெட்டிக்கொள்வார், கிராமம் அன்றே இரண்டாகிவிடும்.

தீர்மானம் எடுக்கும் முறைக்கு மகாராட்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேண்டா என்ற கோண்டுப் பழங்குடிக் கிராமம் நல்ல வழிகாட்டி. ஏறத்தாழ நூறு குடும்பங்கள். 2009 இல் ஏறக்குறைய 1,800 ஹெக்ரயர் காட்டின் மீது சட்டப்படியான சமூக உரிமையைப் பெற்று, மூங்கிலைத் தாமே வெட்டி விற்றார்கள். 2013 இல் தம் காணிகளையும் கிராமதானமாக்கினார்கள். அங்கே வாக்கெடுத்துத் தோற்கடிப்பது வழக்கமில்லை. எல்லோரும் உடன்படும் வரை பேசுவார்கள், தேவையானால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். எமது சங்கச் சட்டப்படி ஆளுக்கொரு வாக்கு உண்டு. அது இருக்கட்டும். எனினும் தண்ணீர், காணி, புதிய குடும்பத்தைச் சேர்த்தல் ஆகிய மூன்றிலும் பேசி உடன்பட்டே முடிவெடுப்பது என வைத்துக்கொண்டால், பிற்பாடு வழக்குக்கு அலைவது குறையும். கூட்டத்தை மாலையில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், அடுப்படியில் நிற்பார்கள். அவர்களுக்கு வசதியான நேரத்தை அவர்களிடமே கேட்டு வைக்கவும்.

மண்

இயற்கை முறை விவசாயத்தைப் பற்றி எமது மக்களுக்கு இப்போது ஒரு கசப்பு இருக்கின்றது. அதில் நியாயமும் இருக்கின்றது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவெம்பரில் தடையை நீக்க வேண்டி வந்தது. உப்பு உரத்துக்குப் பழகிய நிலத்தை ஒரு போகத்தில் மாற்ற முடியாது என்பதை எந்தக் கமக்காரரும் சொல்லியிருப்பார், கேட்பதற்குத்தான் ஆளில்லை. எனவே புதிய கிராமத்தில், "முதல் நாளிலிருந்து உரமே இல்லை" என்று விதி போட வேண்டாம். வீட்டுத் தோட்டத்தையும் காற்பங்கு நிலத்தையும் எருவிலும் குழையிலும் கொண்டுவந்து, அடுத்த போகங்களில் விரிவாக்கலாம்.

குழை தாழ்ப்பது எம் முன்னோர் செய்த வேலைதான். பூவரசும் கிளுவையும் வேலியில் நின்றது நிழலுக்கு மட்டுமல்ல. சீமைக்கிளுவை அதனிலும் வேகமாகத் தழைக்கும். இலை உரத்துக்கும் ஆட்டுக்கும், தடி அடுப்புக்கும் உதவும். 2005 இல் அரசாங்கம் அதனைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கிராமத்தின் சுற்றுவேலி முழுவதையும் முட்கம்பிக்குப் பதிலாக உயிர்வேலியாக நட்டால், வேலியே உரக்கடையாகிவிடும். மாடுகளைத் தனித்தனியே அவிழ்த்துவிடாமல் ஒரே பட்டியில் அடைப்பதும், அந்த எருவை முறை வைத்துப் பங்கிடுவதும் கூட்டாக இருப்பதால் மட்டுமே செய்யக்கூடியவை. மின்சாரத்துக்குச் சூரியத் தகடு வாங்குவோர், மின்கலம் பழுதாகும் ஆண்டுக்கென மாதம் சிறுதொகை சேர்த்து வரவும்.

எப்போது தொடங்குவது?

சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் குடும்பங்கள் கூடிப் பேசி, சங்க விதிகளை எழுதி, கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிவுக்குக் கொடுக்கலாம். கூட்டக் குறிப்பேட்டை முதற் கூட்டத்திலிருந்தே எழுதவும், அதற்கு ஒரு பிரதி வேறோரிடத்திலும் இருக்கட்டும். மீண்டும் ஓட வேண்டி வராது என்று நம்புகின்றோம், எனினும் பையில் எடுத்து வைக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. காணி கிடைத்துவிட்டால் அவசரப்பட்டு வீட்டுக்கு நிலையம் எடுக்க வேண்டாம். புரட்டாதியில் சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்டி, ஐப்பசி முதல் மழையோடு வேலிக்குச் சீமைக்கிளுவைத் தடிகளை ஊன்றலாம். பொதுக் கொட்டில் ஒன்றைக் கிடுகால் மேய்ந்து, முறை வைத்துச் சிலர் தங்கி, வெள்ளம் எந்தப் பக்கத்தால் வருகின்றது, எங்கே தேங்குகின்றது, எத்தனை நாளில் வடிகின்றது என்று மார்கழி முடியும் வரை பார்த்துக் குறித்து வரட்டும். தை பிறந்து நிலம் காய்ந்த பின்னர், அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கிணற்றுக்கும், அடுத்து மலசலகூடங்களுக்கும், கடைசியாக வீடுகளுக்கும் இடம் குறித்துக் கட்டை அடிக்கலாம்.